நாடி தவறினால்: பக்கவாதத்தைத் தடுக்கும் மருந்தும் நம் கடமையும்

கால்வாயில் நீர் ஓடிக்கொண்டிருக்கும் வரையில் பாசி பிடிப்பதில்லை. நீர் தேங்கும் மூலையிலேதான் பாசி படியும். உழவர் பெருமக்கள் அனைவரும் அறிந்த இவ்வுண்மை நம் உடலுக்கும் பொருந்தும். இதயத்தினுள் இரத்தம் தேங்கினால் அது உறைந்து கட்டியாகிறது. அக்கட்டி பெயர்ந்து சென்று மூளையின் இரத்தக் குழாயை அடைத்துவிட்டால், நேற்று வரை ஏர் பிடித்த கையும், வலை இழுத்த கையும் இன்று அசைவற்றுப் போகும். பேச்சும் குழறும். ஒருவர் படுக்கையில் வீழ்ந்தால், அவரைப் பார்த்துக்கொள்ள மற்றொருவர் வேலையை விட நேரிடுகிறது. ஆகவே ஒரு குடும்பத்தின் இருவர் உழைப்பு நின்றுவிடுகிறது. இவ்வகைப் பக்கவாதத்தில் பெரும்பகுதி தடுக்கத் தக்கது என்பதையும், அதற்கான மருந்தை எவ்விடத்தில், எப்போது தொடங்க வேண்டும் என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நோய் யாது?

இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரிய வேண்டும். அவ்வொழுங்கு கெட்டு அவை நடுங்கிக்கொண்டே இருப்பதை மருத்துவர்கள் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்பர். நாம் இதய மேலறை நடுக்கம் எனலாம். இந்நோயுடையவரின் நாடி தாளம் தவறி, ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி கூடியும் குறைந்தும் துடிக்கும். சிலருக்குப் படபடப்பும் மூச்சிரைப்பும் தோன்றும். சிலருக்கோ எவ்வித அறிகுறியும் தோன்றாது. இந்நோய் இல்லாதவரைவிட இந்நோயுடையவருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு மிகுதி. முதுமை, இரத்த அழுத்தம், நீரிழிவு, இதய பலவீனம், முன்னர் ஒருமுறை பக்கவாதம் வந்திருத்தல் ஆகியவை இந்த அபாயத்தை மேலும் கூட்டுகின்றன.

நம் நாட்டில் மற்றொரு காரணமும் உண்டு. சிறு வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் கீல்வாதக் காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கிவிடுகிறது. அத்தகையோருக்கு நடுத்தர வயதிலேயே, சில வேளை இளமையிலேயே மேலறை நடுக்கம் தோன்றுகிறது. ஆதலால் இதனை முதியோர் நோய் என்று மட்டும் எண்ணிவிடலாகாது.

மாட்டுத் தீவனத்தில் கிடைத்த மருந்து

இரத்தம் உறைவதைத் தடுக்கும் ‘வார்ஃபரின்’ என்னும் மருந்தின் வரலாறு விவசாயிகளுக்குச் சுவையானது. 1920ஆம் ஆண்டுகளில் வட அமெரிக்கப் பண்ணைகளில் கெட்டுப்போன இனிப்புக் குளோவர்த் தீவனத்தைத் தின்ற மாடுகள் சிறு காயத்திலும் இரத்தம் நில்லாமல் மடிந்தன. விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தில் கார்ல் பால் லிங்க் என்ற அறிஞரும் அவருடைய துணைவர்களும் அத்தீவனத்தில் இருந்த பொருளைப் பிரித்தெடுத்தனர். அவ்வழியில் பிறந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாக வெளிவந்து, 1954இல் மனிதருக்குரிய மருந்தாக ஏற்கப்பட்டது. அளவறிந்து கொடுத்தால் மேலறை நடுக்கமுடையோருக்கு வரும் பக்கவாதத்தில் மூன்றில் இரண்டு பங்கை இது தடுக்கிறது. ‘ஆஸ்பிரின்’ மாத்திரையோ ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத்தான் தடுக்கிறது.

எவருக்கு எம்மருந்து?

அண்மைக் காலத்தில் டாபிகாட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான் முதலிய புதிய மருந்துகள் வந்துள்ளன. இவற்றை உண்போர் வார்ஃபரின் உண்போரைப் போல அடிக்கடி இரத்தப் பரிசோதனை செய்து அளவை மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தொலைவிலுள்ள கிராமத்தாருக்கு இது பெரும் வசதி. எனினும் ஒரு முக்கிய விதிவிலக்கு உண்டு. கீல்வாதக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்களைப் பற்றிய பேராய்வு ஒன்றின் முடிவு 2022இல் வெளிவந்தது. புது டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிலையத்து மருத்துவர் கணேசன் கார்த்திகேயன் அதை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர். 24 நாடுகளைச் சேர்ந்த 4,500க்கு மேற்பட்டோர் அதில் பங்குகொண்டனர். அவர்களில் பத்தில் ஏழு பேர் பெண்கள். ரிவராக்ஸபான் உண்டவர்களைவிட வார்ஃபரின் வகை மருந்து உண்டவர்களிடையே மரணம் குறைவு என்பதே கண்ட முடிவு. புதியது யாவும் எல்லோருக்கும் நல்லது என்று கொள்ளலாகாது என்பதற்கு இது சான்று.

இரத்தக் கசிவுக்கு அஞ்சி, இம்மருந்துக்குப் பதிலாக ஆஸ்பிரினை எழுதும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. வார்ஃபரின் கொள்ள இயலாதவர்களிடையே நடந்து, 2011இல் வெளிவந்த ஆய்வில், அபிக்ஸபான் ஆஸ்பிரினைவிடப் பக்கவாதத்தை மிக நன்கு தடுத்தது. பெரிய இரத்தக் கசிவோ இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. ஆகவே ஆஸ்பிரின் பாதுகாப்பான மாற்று என்னும் எண்ணம் தவறானது.

அவசர சிகிச்சைப் பிரிவில் தவறிப்போவது

மேலறை நடுக்கம் முதன்முதலில் வெளிப்படுவது பல வேளை அவசர சிகிச்சைப் பிரிவிலேதான். நள்ளிரவில் மூச்சிரைப்புடன் ஒருவர் வருகிறார். ஈ.சி.ஜி. எடுத்ததும் நோய் புலப்படுகிறது. துடிப்பின் வேகத்தைக் குறைக்க மருந்து கொடுக்கிறார்கள், படபடப்பு அடங்குகிறது, நோயாளி வீடு திரும்புகிறார். இரத்தம் உறையாமல் காக்கும் மருந்தைப் பின்னர் இதய மருத்துவர் எழுதுவார் என்று விட்டுவிடுவதுண்டு. அந்தப் ‘பின்னர்’ வராமலே போனால்? நோவு அடங்கியவர் மீண்டும் ஒரு நாள் கூலியை இழந்து மருத்துவமனைக்குச் செல்ல எளிதில் முன்வருவதில்லை. படபடப்பு நின்றது, பக்கவாத அபாயம் நிற்கவில்லை.

இக்குறை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. கனடா நாட்டு அவசர சிகிச்சை மருத்துவர் சங்கம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டிப் பட்டியல், அபாயமுள்ளவர்களுக்கு இம்மருந்தை அவசர சிகிச்சைப் பிரிவிலேயே தொடங்க வேண்டும் என்கிறது. நம் மருத்துவமனைகளிலும் நான்கு செயல்கள் வழக்கமாகிவிட்டால் பெரும் பயன் விளையும். முதலாவது, வயதையும் பிற நோய்களையும் கொண்டு பக்கவாத அபாயத்தை எண்ணால் கணித்தல். இரண்டாவது, வால்வு நோய் உண்டா, இரத்தக் கசிவு உண்டா, சிறுநீரகம் நன்றாக உள்ளதா என்று பார்த்தல். மூன்றாவது, தடையில்லையெனில் முதல் மாத்திரையை அங்கேயே கொடுத்தல். கொடுக்கவில்லையெனில் அதன் காரணத்தைச் சீட்டில் எழுதுதல். நான்காவது, அடுத்து வரவேண்டிய தேதியையும் இடத்தையும் குறித்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கடிதம் தருதல்.

செங்கற்பட்டு வட்டாரத்தில்

செங்கற்பட்டு 2019 நவம்பர் 29 முதல் தனி மாவட்டம். இங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி 1965இல் தோன்றியது. மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக அதன் மருத்துவமனைக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். சதுரங்கப்பட்டினம், கொக்கிலமேடு, பட்டிப்புலம் முதலிய கரையோர ஊர்களின் மீனவர் விடியுமுன் கடலுக்குச் செல்பவர்கள். வாரந்தோறும் இரத்தப் பரிசோதனைக்கு வரச்சொன்னால் அவர்களால் இயலுமா என்பதை மருந்து எழுதும்போதே கேட்டறிய வேண்டும். நோயாளியும் தம் தொழிலையும் தொலைவையும் கூச்சமின்றிச் சொல்ல வேண்டும்.

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் மகளிர் தன்னார்வலர்கள் வீடுதோறும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கின்றனர். அவ்வேளையில் 65 வயது கடந்தவர்களின் மணிக்கட்டில் ஒரு நிமிஷம் நாடியையும் பார்த்தால், செலவின்றியே பலரைக் கண்டுபிடிக்கலாம். தாளம் தவறியதாகத் தோன்றினால் ஈ.சி.ஜி.க்கு அனுப்புதல் வேண்டும். நாடி பார்த்த அளவில் நோய் உறுதியாவதில்லை.

மருந்து உண்போர் கவனத்திற்கு

மருத்துவரைக் கேளாமல் இம்மருந்தைத் தொடங்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. வார்ஃபரின் உண்போர் குறித்த நாளில் ‘ஐ.என்.ஆர்.’ பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பெரும்பாலோருக்கு அது 2க்கும் 3க்கும் இடையில் இருத்தல் நலம். கீரையை அறவே ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் நாள்தோறும் முருங்கைக் கீரை, மறுவாரம் ஒன்றுமில்லை என்றில்லாமல் ஒரே அளவாக உண்டால் போதும். கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள் இரத்தக் கசிவை உண்டாக்கும். நாட்டு மருந்தையும் மருத்துவரிடம் சொல்லாமல் சேர்க்கலாகாது. கருவுற விரும்பும் பெண்கள் முன்னதாகவே மருத்துவரிடம் கூற வேண்டும். வார்ஃபரின் கருவைப் பாதிக்கக்கூடும். கறுத்த மலம், நில்லாத இரத்தம், தலையில் அடிபடுதல் ஆகியவை நேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மருந்தின் பெயரும் அளவும் எழுதிய சீட்டு எப்போதும் உடனிருத்தல் நன்று.

பஞ்சாயத்தின் பணி

கிராம சபையில் சாலை, குடிநீர், விளக்கு பற்றிப் பேசுவது போல் இதனையும் பேசலாம். ஊரில் மேலறை நடுக்கமுடையோர் மருந்து தவறாமல் பெறுகிறார்களா, பரிசோதனைக்கு எங்கே செல்கிறார்கள் என்பதை கிராம சுகாதாரச் செவிலியருடன் அங்கத்தினர்கள் கலந்துகொள்ளலாம். நோயாளியின் இசைவின்றி அவர் பெயரைச் சபையில் வெளியிடலாகாது. பிள்ளைகளின் தொண்டைப் புண்ணை அசட்டை செய்யாமல் சிகிச்சை பெறச் செய்தல் வருங்கால நோயைத் தடுக்கும்.

முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் உடனே 108க்குச் சொல்ல வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்தைத் தகுதியுள்ளவர்களுக்கு நாலரை மணி நேரத்திற்குள் கொடுக்க வேண்டும். நோய் தொடங்கிய நேரத்தையும், கடைசியாக உறைவுத் தடுப்பு மாத்திரை உண்ட நேரத்தையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மருத்துவமனையை விட்டுப் புறப்படுமுன், “எனக்கு நாடி தாளம் தவறுகிறது என்கிறீர்களே, பக்கவாதத்தைத் தடுக்க மருந்து வேண்டுமா?” என்று நோயாளியோ உறவினரோ கேட்பதில் தவறொன்றுமில்லை. உடைந்த கரையைக் கட்டுவதைவிட மழைக்கு முன் கரையைப் பலப்படுத்துவது எளிது. அதற்கு இக்கேள்வி தொடக்கமாகட்டும்.