தொலைவிலிருந்து உயிர்பெறும் கார்

சித்திரை மாதத்து நண்பகலில் பெரம்பலூரிலோ அரியலூரிலோ ஒரு காரை வெயிலில் நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தவர்களுக்கு நான் ஒன்றும் விளக்கத் தேவையில்லை. ஸ்டீயரிங்கைத் தொட முடியாது. இருக்கையில் அமர முடியாது. சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் புழுதிக்கு அஞ்சிக் கண்ணாடியை இறக்கி வைக்கவும் இயலாது. இத்தகைய ஊரில், திண்ணையில் இருந்தபடியே ஒரு பொத்தானை அழுத்திக் காரை ஓடவிட்டு, உள்ளே குளிர்ந்த பின் ஏறிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னால் ஆசை வராமல் இருக்குமா? என் தாய்மாமனுக்கு வந்தது. வெளியூர்க் கடை ஒன்றில் தம் காருக்கு ‘ரிமோட் ஸ்டார்ட்டர்’ பொருத்திக்கொண்டு வந்தார். அதன் பயனாக எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவரில் ஒரு கீறலும், இயற்பியல் பயிலும் எனக்கு இக்கட்டுரையும் கிடைத்தன.

முற்காலத்தில் கார் எஞ்சினைக் கைப்பிடியால் சுழற்றியே உயிர்ப்பித்தனர். கைப்பிடி எதிர்த்துச் சுழன்று தாக்கியதால் கை முறிந்தவர் பலர். அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டில் காடிலாக் கார்களில் இடம்பெற்ற பிறகே இத்தொல்லை நீங்கத் தொடங்கியது. ஆனால், ஓட்டுநருக்கு எளிதானது திருடனுக்கும் எளிதாயிற்று. பூட்டை உடைத்து இரண்டு ஒயர்களை இணைத்தால் போதும், கார் கிளம்பிவிடும். இதனைத் தடுக்கவே ‘இம்மொபிலைசர்’ என்னும் காவல் அமைப்பு வந்தது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 1998 முதலும், கனடாவில் 2007 முதலும் புதிய கார்களில் இது கட்டாயமாக்கப்பட்டது. இன்று நம் நாட்டில் விற்பனையாகும் சாதாரணக் கார்களிலும் இது இருக்கிறது. சாவியின் தலைப்பகுதி கறுத்துப் பருத்திருப்பதன் காரணம் இதுவே.

அந்தத் தலைக்குள் அரிசிமணியைவிடச் சற்றுப் பெரிய சில்லு ஒன்று உள்ளது. அது மின்கலத்தை நம்பி இருப்பதன்று. சாவி நுழையும் துளையைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள் வைக்கப்பட்டிருக்கும். சாவியைத் திருப்பியதும் அச்சுருளில் விநாடிக்கு ஏறத்தாழ 1,25,000 முறை அலைவுறும் மின்னோட்டம் பாய்கிறது. அதனால் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம், சாவிக்குள் இருக்கும் சிறு சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. மைக்கேல் பாரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் விதி இதுவே அன்றி வேறன்று. நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்த விதியைப் பக்கத்து வீட்டுக்காரர் நாள்தோறும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிகிறார்!

அவ்வாறு உயிர்பெற்ற சில்லிடம் காரின் கணிப்பொறி ஓர் எண்ணைக் கூறுகிறது. சில்லு தன்னுள் புதைந்துள்ள இரகசிய எண்ணைக் கொண்டு அதைக் கணக்கிட்டு விடை அனுப்புகிறது. கணிப்பொறியும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கிறது. விடை ஒத்திருந்தால் எரிபொருள் பாயும்; இல்லையேல் எஞ்சின் ஓரிரு நொடிகள் உறுமிவிட்டு அடங்கும், அல்லது அசையவே அசையாது. கேள்வி ஒவ்வொரு முறையும் மாறுவதால் நேற்றைய விடையை ஒட்டுக்கேட்டவனுக்கு இன்று பயன் இல்லை. மிகப் பழைய அமைப்புகளில் மட்டும் சாவி என்றும் ஒரே எண்ணையே ஒப்பித்து வந்தது.

இக்காவல் உடைக்க முடியாதது அன்று. ஒருவகைச் சில்லில் இரகசிய எண் 40 இலக்க இரும எண்ணாக இருந்தது. அப்படியானால் சாத்தியமான எண்கள் சுமார் 1,09,951 கோடி. மலைக்க வைக்கும் தொகைதான்; ஆயினும் 2005இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் அதனை முறியடித்துக் காட்டினர். எனினும் காவலே இல்லாமையினும் பழுதுள்ள காவல் மேல். 2022ஆம் ஆண்டில் அமெரிக்காவில், இம்மொபிலைசர் இன்றி விற்கப்பட்டிருந்த ஹூண்டாய், கியா கார்களை இளைஞர்கள் கூட்டங்கூட்டமாகத் திருடிய செய்தி இதற்குச் சான்று.

இனி மாமாவின் காருக்கு வருவோம். தொலைவிலிருந்து பொத்தானை அழுத்தும்போது துளையில் சாவி இல்லை. ஆகவே காரின் கேள்விக்கு விடை கூற ஆள் இல்லை. தொழிற்சாலையிலேயே இவ்வசதியுடன் வரும் கார்களில் இச்சிக்கல் எழாது. 2019இல் வெளிவந்த ஹூண்டாய் வென்யூ போன்றவற்றில் கணிப்பொறியே கைப்பேசியின் கட்டளையை அறிந்து இசைவு தருகிறது. கடையில் பொருத்துவோர் ‘பைபாஸ்’ என்னும் இடைவழியை நாட வேண்டும். நன்கு செய்யப்பட்ட பைபாஸ், ரிமோட் கட்டளை வந்த நேரத்தில் மட்டும் சாவியின் விடையைக் கொடுத்துவிட்டு மற்ற நேரங்களில் வாய்மூடி இருக்கும். கதவைத் திறந்து ஏறி, உண்மைச் சாவியைப் போடாமல் பிரேக்கை மிதித்தால் எஞ்சின் நின்றுவிடும். கனடா போன்ற பனி நாடுகளில் இலட்சக்கணக்கானோர் குளிர்காலத்தில் இவ்வாறுதான் காரைச் சூடாக்கிக்கொள்கின்றனர்.

மாமாவின் காரில் நடந்தது என்ன? எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. பெரம்பலூர்ப் பழைய பேருந்து நிலையத்தின் அருகே சில்லு இல்லாத வெறும் இரும்புச் சாவி ஒன்றை முன்பே மாமா வெட்டி வைத்திருந்தார்; கதவு திறக்க மட்டுமே பயன்பட்டு வந்த சாவி அது. அதைப் போட்டுத் திருப்பினேன். முன்பெல்லாம் சாவி விளக்கு கண் சிமிட்ட, எஞ்சின் உடனே அடங்கிவிடும். இம்முறை எஞ்சின் நிற்காமல் ஓடியது!

“மாமா, உங்கள் இரண்டாவது சாவி எங்கே?” என்றேன்.

“அதைக் கடைக்காரர் வாங்கி உள்ளேயே வைத்துவிட்டார், மாப்பிள்ளை. அப்படித்தான் வைக்க வேண்டுமாம்” என்றார்.

ஸ்டீயரிங் தண்டின் கீழே, கம்பிச்சுருளை ஒட்டியே அந்தச் சாவியின் தலை நாடாவால் சுற்றப்பட்டுக் கிடந்தது. நடுவே அதைத் தடுக்கும் ரிலே எதுவும் இல்லை. காரின் கேள்விக்கு இரவும் பகலும் விடை கூற அது தயாராக இருந்தது. அதாவது ஒரு முறுக்குத் துரப்பணம் வைத்திருப்பவன் எவனும் ஓட்டிச் செல்லலாம். கார் களவு போனால் இழப்பீடு தருமுன் காப்பீட்டு நிறுவனத்தார் இரண்டு அசல் சாவிகளையும் கேட்பது வழக்கம். ஒரு சாவி காரோடு போய்விட்டது என்று சொன்னால் அவர்கள் முகம் எப்படி மாறும் என்பதை மாமாவே எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

இதைப் பிரித்தெடுக்க நாள் குறிப்பதற்குள் இரண்டாவது தவறு தானே வெளிப்பட்டது. நம் கார்களில் பெரும்பாலானவை கையால் கியர் மாற்றுபவை. சரிவில் நிறுத்தினால் முதல் கியரில் போட்டுவிட்டு இறங்குவது நல்ல பழக்கம் என்றே கற்றிருக்கிறோம். கிளட்ச்சை மிதித்தால்தான் ஸ்டார்ட்டர் சுழலும் என்ற தடையையும் கடைக்காரர் ஓர் ஒயரால் இணைத்து நீக்கியிருந்தார். ஒரு நாள் காலை மாமா திண்ணையிலிருந்து பொத்தானை அழுத்தினார். கார் முதல் கியரில் இருந்தது.

கணக்கு இது: ஸ்டார்ட்டர் எஞ்சினை நிமிடத்திற்கு ஏறக்குறைய 200 முறை சுழற்றுகிறது. முதல் கியரில் எஞ்சின் சுமார் 14 முறை சுழன்றால் சக்கரம் ஒருமுறை சுழலும். சக்கரத்தின் சுற்றளவு 1.8 மீட்டர் எனக் கொண்டால், கார் விநாடிக்கு 40 சென்டிமீட்டருக்குமேல் நகரும். எஞ்சின் பற்றிக்கொண்டு 800 சுற்றுக்கு வந்தால் வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர். அதாவது விரைந்து நடக்கும் மனிதனின் வேகம். ஆனால் அம்மனிதனின் எடை ஏறக்குறைய ஒரு டன்! கார் சுவரில் முட்டி நின்றது. சற்று முன்பு வரை அந்த இடத்தில் அமர்ந்து கோலப்பொடியால் விளையாடிக்கொண்டிருந்த மாமாவின் சிறுமகள் தண்ணீர் குடிக்க உள்ளே போயிருந்தாள். அன்று வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

கையால் கியர் மாற்றும் கார்களுக்கென்றே ஒரு முறை இருக்கிறது. எஞ்சின் ஓடும்போதே நியூட்ரலில் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து, சாவியை எடுத்து, இறங்கிக் கதவைச் சாத்திய பிறகே எஞ்சின் அணையும். அதன்பின் எந்தக் கதவு திறந்தாலும் ரிமோட் வேலை செய்யாது. எவரும் கியரைத் தொட்டிருக்க முடியாது என்பதற்கு அதுவே உறுதி. மாமாவின் கருவியிலும் இம்முறை இருந்தது. அதற்குரிய கதவு ஒயரை இணைக்காமல் விட்டிருந்தனர், அவ்வளவுதான்.

அரியலூரில் எங்களுக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர் அரை நாளில் அனைத்தையும் கழற்றி, கிளட்ச் தடையைப் பழையபடி சேர்த்தார். “தம்பி, நான்கு கதவையும் இரண்டு நிமிடம் திறந்து வைத்தாலே பாதிச் சூடு போய்விடுமே” என்று சிரித்தார். மாமா இப்போது அப்படித்தான் செய்கிறார். இரண்டாவது சாவி பீரோவுக்குத் திரும்பிவிட்டது. இரும்புச் சாவியைப் போட்டு நான் மீண்டும் ஒருமுறை திருப்பிப் பார்த்தேன். விளக்கு கண் சிமிட்டியது. எஞ்சின் ஒரு நொடி உறுமி அடங்கியது.