முதலில் கேம் பட்டியல், பிறகு இயங்குதளம்

குறைந்த செலவில் கேம் விளையாட ஒரு கணினி வேண்டும் என்று ஜெயபுரத்தில் யாராவது என்னிடம் கேட்டால், விண்டோஸா லினக்ஸா என்று நான் உடனே சொல்வதில்லை. விளையாடப்போகும் கேம்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதச் சொல்வேன். ஆசைப்பட்ட எல்லாவற்றையும் அல்ல. எவை இல்லாவிட்டால் கணினியே வேண்டாமோ அந்த நாலைந்து பெயர்கள் மட்டும். இயங்குதளத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தத் தாள்தான்.

எங்கள் பக்கத்துப் பொடியள் எழுதும் பெயர்கள் அநேகமாக ஒரே மாதிரிதான்: ஃப்ரீ ஃபயர், பப்ஜி, ஜி.டி.ஏ. கொஞ்சம் வளர்ந்தவர்கள் என்றால் வாலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக். இந்தச் சிறிய பட்டியலுக்குள்ளேயே வழி பிரிந்துவிடுகிறது.

வாலரண்ட் ஓட வான்கார்ட் என்ற காவல் மென்பொருள் விண்டோஸின் அடித்தளத்தில் இருக்க வேண்டும். லினக்ஸில் அதற்கு இடமில்லை, ஆகவே வாலரண்டும் இல்லை. ஃபோர்ட்நைட்டும் கணினிக்கான பப்ஜியும் அப்படியே. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் சில காலம் லினக்ஸில் ஓடியது. 2024 ஒக்டோபர் கடைசியில் அதை வெளியிடும் நிறுவனமே நிறுத்திவிட்டது. ஜி.டி.ஏ. 5 இன் கதைப் பகுதி லினக்ஸில் நன்றாக ஓடும். ஆனால் 2024 செப்டெம்பரில் பட்டில்ஐ என்ற காவலைச் சேர்த்த பிறகு அதன் ஒன்லைன் பகுதிக்குள் நுழைய முடியாது. “யூடியூப்பில ஒரு வழி காட்டுறாங்கள், அண்ணை” என்று வருகிற தம்பிமாருக்கு நான் சொல்வது இதுதான்: இந்தத் தடைகளைக் கெட்டித்தனத்தால் தாண்டப் பார்த்தால், ஆசையாய் வளர்த்த கணக்கே தடைசெய்யப்படலாம். பட்டியலில் இவற்றில் ஒன்று இருந்தால் விண்டோஸ்தான். அதில் வாதமே இல்லை.

ஃப்ரீ ஃபயர் தொலைபேசிக்கான கேம். அதைப் பெரிய திரையில் விளையாட எங்கள் பிள்ளைகள் பாவிக்கும் புளூஸ்டாக்ஸ் லினக்ஸுக்கு வருவதில்லை. அதற்கும் விண்டோஸ்தான். போட்ட பிறகு மெதுவாக ஓடினால் கணினியைக் குறை சொல்ல முன்னர் பயோஸுக்குள் போய் வேர்ச்சுவலைசேஷன் என்ற தெரிவு இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அலுவலகக் கணினிகளில் அது அணைந்தே இருப்பதை அடிக்கடி கண்டிருக்கிறேன்.

கவுண்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 இரண்டையும் வால்வ் நிறுவனம் லினக்ஸுக்கென்றே தருகிறது. தனியாக விளையாடும் கதை கேம்களின் நிலைமை 2018 ஓகஸ்டில் மாறத் தொடங்கியது. விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓடவைக்கும் புரோட்டோனை வால்வ் வெளியிட்டது அப்போதுதான். 2022 இல் லினக்ஸிலேயே இயங்கும் ஸ்டீம் டெக் கையடக்கக் கருவி விற்பனைக்கு வந்ததும் அந்த வேலை இன்னும் வேகமெடுத்தது. இன்று ஒரு கேம் லினக்ஸில் ஓடுமா என்று அறிய புரோட்டோன்டிபி தளத்தில் பெயரைத் தட்டினால் போதும், விளையாடியவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். வாங்க முன்னர் அங்கே பாருங்கள்.

அடுத்தது கணினிக்குள் இருக்கும் கிராபிக்ஸ். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். எங்களுக்குக் கட்டுப்படியாவது வெளிநாட்டு அலுவலகங்களில் ஓடிமுடிந்து வரும் டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்.பி. எலைட்டெஸ்க் போன்ற பாவித்த கணினிகள்தான். வெளியில் பார்த்தால் எல்லாம் ஒரே கறுப்புப் பெட்டி. உள்ளே நான்காம் தலைமுறை ஐ5 ஆ, ஆறாம் தலைமுறை ஐ5 ஆ என்பதில் எல்லாம் மாறிவிடும். விண்டோஸ் கேம்கள் பேசும் டைரக்ட்எக்ஸை வல்கன் என்ற மொழிக்கு மாற்றித்தான் புரோட்டோன் ஓட்டுகிறது. நான்காம் தலைமுறையின் எச்.டி. 4600 கிராபிக்ஸுக்கு லினக்ஸில் வல்கன் முழுமையாக இல்லை. கேம் திறக்கவே மறுக்கும், அல்லது படம் உடைந்து தெரியும். ஆறாம் தலைமுறையின் எச்.டி. 530 இல் இந்தத் தடை கிடையாது. ஆகவே ஐ5-4570 ஐத் தனிக் கார்ட் இல்லாமல் வாங்குகிறவருக்கு லினக்ஸை நான் சொல்லமாட்டேன். ஐ5-6500 வாங்குகிறவருக்குத் தாராளமாகச் சொல்வேன்.

தனிக் கார்ட் போடுவதென்றாலும் அதே கவனம் வேண்டும். மலிவாகக் கிடைக்கும் ஜி.டி. 710, ஜி.டி. 730 கார்ட்களுக்கு என்விடியா புதிய டிரைவர் தருவதை நிறுத்திவிட்டது. கடைசியாக வந்த டிரைவர் இன்றைய புரோட்டோன் கேட்கும் வல்கன் அளவுக்கு எட்டாது. ஆர்.எக்ஸ். 550, 560, 570 போன்ற ஏ.எம்.டி. கார்ட்கள் லினக்ஸில் மிகச் சுகமானவை. டிரைவர் இயங்குதளத்தோடேயே வருவதால் தேடி இறக்கும் வேலை இல்லை. சின்னப் பெட்டிக் கணினி என்றால் கார்டின் உயரத்தையும் பவர் சப்ளையையும் அளந்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். யாழ்ப்பாணத்திலோ கொழும்பு யூனிட்டி பிளாசாவிலோ வாங்கிப் பஸ்ஸில் கொண்டுவந்த பிறகு மாற்றப் போவதென்றால் எங்களுக்கு ஒரு நாள் வேலை கெட்டுவிடும்.

விண்டோஸ்தான் என்று முடிவானால், எந்த விண்டோஸ்? விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. பதிவுசெய்தவர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 ஒக்டோபர் 13 வரை நீடிக்கப்பட்டன. விண்டோஸ் 11 முறைப்படி கேட்பது இன்டெல் எட்டாம் தலைமுறையும் ரி.பி.எம். 2.0 உம். நாலாம், ஆறாம் தலைமுறைக் கணினிகளில் அந்தச் சோதனையை ஏமாற்றி அதைப் போட்டுத் தருகிறார்கள். போட்டால் ஓடும். ஆனால் புதிய அப்டேட் வரும் என்ற உறுதி இல்லை. விண்டோஸ் 11 இல் வாலரண்ட் தானே ரி.பி.எம். 2.0 ஐயும் செக்யூர் பூட்டையும் சரிபார்ப்பதால், எதற்காக இவ்வளவும் செய்தோமோ அந்தக் கேம் அங்கேயும் திறக்காமல் போகலாம். வாலரண்ட் பிள்ளைக்குக் கொஞ்சம் காசு சேர்த்து எட்டாம் தலைமுறை வாங்குங்கள் என்று பெற்றோரிடம் நேரே சொல்லிவிடுவேன்.

உரிமத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடையில் “விண்டோஸ் போட்டுத்தான் தாறம்” என்பார்கள். கணினியைத் திறந்து செட்டிங்ஸில் அக்டிவேஷன் பக்கத்தைப் பாருங்கள். டிஜிட்டல் லைசென்ஸ் என்று இருந்தால் நல்லது. உங்கள் நிறுவனத்தின் சேவை மூலம் இயக்கப்பட்டது என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், வீட்டுக் கணினிக்கு எந்த நிறுவனம்? அது பெரும்பாலும் திருட்டுக் கருவியால் திறந்த விண்டோஸ். அந்தக் கருவிகள் வேலைசெய்ய வைரஸ் காவலை அணைக்கச் சொல்லும். அந்த வழியால் என்ன உள்ளே வந்தது என்று யாருக்கும் தெரியாது. அதே கணினியில்தான் அம்மா வங்கிக் கணக்கைப் பார்க்கிறா, தங்கச்சி பரீட்சைக்கு விண்ணப்பிக்கிறாள். விண்டோஸ் 10 உடன் பிறந்த அலுவலகக் கணினிகள் பலவற்றில் உண்மையான சாவி மதர்போர்டிலேயே இருக்கிறது. அதே பதிப்பைச் சுத்தமாகத் திரும்பப் போட்டால் இணையம் கிடைத்ததும் தானாகவே இயங்கும்.

எங்களிடம் டேட்டாவுக்கு விலை இருக்கிறது, கறண்டும் சொல்லாமல் போகும். இரண்டையும் கணக்கில் எடுக்காமல் இயங்குதளத்தைத் தெரிவுசெய்ய முடியாது. கவுண்டர் ஸ்ட்ரைக் 2 மட்டும் 85 ஜி.பி. இடம் கேட்கிறது. 4ஜி ரவுட்டரில் இரவு டேட்டா தனியாக உள்ள பக்கேஜ் எடுத்தவர்கள் ஸ்டீமில் பதிவிறக்க நேரத்தை நள்ளிரவுக்குப் பிறகு என்று குறித்துவையுங்கள். விண்டோஸில் இணைப்பை மீட்டர்ட் என்று மாற்றினால் பெரிய அப்டேட்கள் பகலில் டேட்டாவை விழுங்காது. லினக்ஸில் அப்டேட் எப்போது என்பது உங்கள் கையில். ஆனால் ஸ்டீம் அங்கே ஷேடர் கோப்புகளை அடிக்கடி இறக்கிக்கொண்டே இருக்கும். அந்த ஷேடர் ப்ரீ-காஷிங் தெரிவை அணைத்துவிடுங்கள். கேம் முதலில் கொஞ்சம் திக்கித் திக்கி ஓடினாலும் டேட்டா மிஞ்சும்.

ஒரே கேமை இரண்டு வீட்டில் வைத்திருப்பவர்கள் திரும்ப இறக்கத் தேவையில்லை. ஒரே ரவுட்டரில் இரண்டு கணினியையும் இணைத்தால் ஸ்டீமே ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றித்தரும். 2023 இலிருந்து இந்த வசதி உண்டு. புரோட்டோன் விண்டோஸ் கோப்புகளையே பாவிப்பதால், விண்டோஸ் வைத்திருக்கும் சிநேகிதனிடமிருந்து கேம் கோப்புறையை டிஸ்கில் எடுத்துவந்து லினக்ஸில் வைத்தாலும், சரிபார்த்தபின் மிச்சம் கொஞ்சத்தை மட்டும் இறக்கும். அந்தக் கோப்புறையை லினக்ஸின் சொந்தப் பகிர்வில் வையுங்கள், விண்டோஸின் என்.ரி.எப்.எஸ். பகிர்வில் வைத்து புரோட்டோனை ஓட்டினால் வீண் தலையிடி.

இரண்டும் வேண்டும் என்கிறவர்கள் ஒரே டிஸ்கை வெட்டாமல் இரண்டு சிறிய எஸ்.எஸ்.டி.க்களில் தனித்தனியாகப் போடுவது நல்லது. எழுதிக்கொண்டிருக்கும்போது கறண்ட் போய் ஒன்று குழம்பினாலும் மற்றது நிற்கும். யு.பி.எஸ். வாங்கக் காசில்லாவிட்டால் இதையாவது செய்யுங்கள்.

லினக்ஸில் புதிதாய்த் தொடங்குகிறவருக்கு நான் போட்டுக்கொடுப்பது லினக்ஸ் மின்ட். அதன் 22 ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. டைம்ஷிஃப்ட் என்ற கருவியில் ஒரு நிலையைச் சேமித்துவைத்தால், ஏதாவது கெட்டுப்போனாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். வீட்டில் மற்றவர்கள் தமிழில் தட்டச்சுச் செய்ய ஐபஸ் எம்17என் பொதியைச் சேர்த்தால் இலங்கையின் ரெங்கநாதன் விசைப்பலகை வந்துவிடும். பழைய பாமினி எழுத்துருவில் இருக்கும் கடிதங்களைத் திறக்க அந்த எழுத்துருக் கோப்பை நிறுவினால் போதும். உயர்தரத்தில் ஐ.சி.ரி. படிக்கும் பிள்ளைக்குத் தேவையான பைதன் மின்ட்டோடேயே வருகிறது. அதற்கு டேட்டா செலவில்லை.