கற்பித்தபடியே உலகைக் கண்டவர்

பெங்களூரின் தொம்மலூரில் உள்ள சொக்கநாத சுவாமி கோயிலில் பழமையான தமிழ்க் கல்வெட்டுகள் காணப்படுகின்றன. ஆட்சியோடும் வணிகத்தோடும் மொழி ஊர்விட்டு ஊர் செல்லும் என்பதற்கு இத்தகைய கல்வெட்டுகள் சான்றாகும். ஆசிரியரோடு சேர்ந்து மொழி கடலையும் கடக்கும்.

இக்காலத்தில் அவ்வாறு மிகுதியாகக் கடல் கடக்கும் மொழி ஆங்கிலம். ஜப்பான் அரசு 1987-ஆம் ஆண்டில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதன்வழி, பல நாடுகளைச் சேர்ந்த பட்டதாரிகள் அந்நாட்டுப் பள்ளிகளில் ஆங்கில வகுப்புகளுக்குத் துணைநிற்கின்றனர். பள்ளி நாள்களில் கற்பிக்கும் அவர்கள் விடுமுறை நாள்களில் அந்நாட்டைச் சுற்றிப் பார்க்கின்றனர்.

கற்பித்தலைப் பணியாகவும் பயணத்திற்கு வழியாகவும் கொள்வது தமிழர்க்குப் புதிதன்று. ஆங்கிலப் புலமையின் துணையோடு அயல்நாடுகளில் தமிழை எடுத்துரைத்த ஆசிரியர் சேவியர் தனிநாயகம் அடிகள் ஆவார்.

அவர் 1913-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பகுதியில் கரம்பொன் என்னும் ஊரில் பிறந்தார். அவரது இளமைக் கல்வி ஆங்கில வழியில் அமைந்தது. பின்னர் ரோம் நகரில் சமயக் கல்வி பெற்றார். ஐரோப்பிய மொழிகள் பலவற்றைக் கற்றிருந்தும், தமிழ் இலக்கியத்தை ஆழ்ந்து பயிலும் வாய்ப்பு அவருக்கு அதுவரை கிட்டவில்லை.

1940-ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்துப் பள்ளியில் ஆசிரியப் பணி ஏற்றார். அங்கே மாணவர்க்குக் கற்பித்துக்கொண்டே, தாம் ஒரு தமிழாசிரியரிடம் மாணவராக அமர்ந்தார். பின்பு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து தமிழில் முதுகலைப் பட்டம் பெற்றார். முப்பது வயதைக் கடந்த பின்னர்ப் பல்கலைக்கழக மாணவராவதற்கு அவர் நாணவில்லை.

அதன்பின் ஜப்பான், அமெரிக்கா முதலிய நாடுகளுக்குச் சென்று தமிழ்ப் பண்பாடு குறித்து உரையாற்றினார். 1952-இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். தமிழ் அறியாத அறிஞர்களும் தமிழின் பெருமையை அதன்வழி உணர்ந்தனர். 1961-ஆம் ஆண்டு முதல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைப் பேராசிரியராகப் பணியாற்றினார். 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடைபெற அவரே பெருங்காரணமாக விளங்கினார்.

சென்ற நாடுகளின் நூலகங்களில் அவர் பழந்தமிழ் நூல்களைத் தேடினார். 1679-இல் அச்சான தமிழ்–போர்த்துகீசிய அகராதியை அவ்வாறே கண்டறிந்து மறுபதிப்பாக வெளியிட்டார். தம் பயணங்களை ‘ஒன்றே உலகம்’ என்னும் நூலாக எழுதினார். 1980-ஆம் ஆண்டு மறைந்தார்.

ஆங்கிலம் அவருக்கு அயல்நாட்டு வாயில்களைத் திறந்தது. அங்கே எடுத்துரைப்பதற்கு உரிய செல்வத்தைத் தமிழ் அளித்தது. வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் கேட்டு வளரும் மாணவர்க்கு அவர் வாழ்க்கை நல்ல வழிகாட்டியாகும். விருப்பப் பாடமாகத் தமிழைச் சற்றுத் தாமதமாகத் தொடங்கினாலும், முயன்று கற்போர் அதில் புலமை பெறலாம்.

சொற்பொருள்
சான்று – ஆதாரம்
புலமை – ஆழ்ந்த அறிவு
நாணுதல் – வெட்கப்படுதல்
வாயில் – நுழைவிடம்

பயிற்சி
1. தனிநாயகம் அடிகள் எங்கே, எப்போது பிறந்தார்?
2. வடக்கன்குளத்தில் அவர் ஆசிரியராகவும் மாணவராகவும் விளங்கியது எவ்வாறு?
3. ஆங்கிலமும் தமிழும் அவருக்கு எவ்வெவ்வகையில் துணைநின்றன?
4. நீ அறிந்த மொழிகளுள் ஒன்றைப் பிறர்க்குக் கற்பிப்பதாயின், முதல் நாள் எவற்றைக் கற்பிப்பாய்? ஐந்து தொடர்களில் எழுதுக.