முதிரை மரத்தை அறிந்து பயன்படுத்துவோம்

இடம்பெயர்ந்தவர்கள் ஊர் திரும்பும்போது வீட்டின் ஓடும் கதவும் போயிருக்கலாம். ஆனால் இடிபாட்டுக்குள் ஒரு கதவு நிலையோ தீராந்தியோ கிடந்தால் அதை விறகாக்கி விடாதீர்கள். அற்ப விலைக்கும் கொடுத்து விடாதீர்கள். அது முதிரையாக இருக்கலாம்.

எப்படி இனங்காண்பது?

வெயிலிலும் மழையிலும் கிடந்த முதிரை சாம்பல் நிறமாகத் தெரியும். கத்தியால் சற்றுச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே இளமஞ்சள் நிறமும் பட்டுப் போன்ற மினுக்கமும் இருக்கும். தூக்கினால் பாரம் தெரியும். ஒரு கன அடி தேக்கு சுமார் 40 இறாத்தல். முதிரையோ சுமார் 60 இறாத்தல். ஏறக்குறையத் தண்ணீரின் நிறைதான்.

எவ்வளவு காலம் உழைக்கும்?

பேராதனையில் மகாவலி ஆற்றின் குறுக்கே 1833இல் முதிரை மரத்தால் ஒரு பாலம் அமைத்தார்கள். நடுவில் தூண் இல்லாத அந்தப் பாலம் 1905 வரை நின்றது. எனவே உங்கள் பாட்டனார் வைத்த நிலை உங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் உதவும்.

வேலை செய்யும் முறை

1. அரியுமுன் பழைய ஆணி, எறிகணைச் சிதறல் உள்ளதா என்று நன்கு பாருங்கள். வாள் உடைந்தால் ஆளுக்கும் காயம்.

2. நேரடியாக ஆணி அடிக்க வேண்டாம். மரம் பிளக்கும், ஆணி வளையும். துறப்பணத்தால் துளையிட்டே அடியுங்கள்.

3. முதிரையின் நார்கள் மாறி மாறிச் சாய்ந்து ஓடுபவை. சீவுளியை நன்கு தீட்டி, மெல்லிதாகச் சீவுங்கள். ஆழமாகச் சீவினால் நார் பிய்ந்து வரும்.

4. முதிரைத் தூள் சிலருக்குச் சொறியும் தோல் அழற்சியும் உண்டாக்கும். காற்றோட்டமான இடத்தில், மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு அரியுங்கள். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் குளியுங்கள். தோல் தடித்தவர் அந்த வேலையை மற்றவரிடம் விடுவதே நல்லது.

எதற்குப் பயன்படுத்தலாம்?

நீண்ட துண்டுகளை நிலைக்கும் தீராந்திக்கும் வையுங்கள். குட்டைத் துண்டுகள் கதிரைக் கால், மண்வெட்டிப் பிடி, கொட்டாப்புளி ஆகியவற்றுக்கு உதவும். கழிவென்று எறிய எதுவும் இல்லை.

கவனிக்க வேண்டியவை

கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதி செய்யப்படாத காணிக்குள் மரம் எடுக்கப் போகவேண்டாம். எந்த மரமும் உயிரை விடப் பெரிதல்ல. காட்டில் நிற்கும் முதிரையை அனுமதியின்றி வெட்டுவது குற்றம். பழைய மரத்தை வேறிடம் ஏற்றிச் செல்லுமுன்பும் கிராம அலுவலரிடம் விசாரித்துக் கொள்ளுங்கள்.

கலந்துரையாடுவோம்

• நமது வளவுகளில் மீட்கக்கூடிய மரங்கள் எவை?
• நம்மிடையே தச்சு வேலை தெரிந்தவர் யார்? அவரிடம் இளைஞர் கற்க என்ன செய்யலாம்?