ஏவுகணையும் பங்குனி ஆமையும்

நுழையும்முன்

நாட்டைக் காக்கும் பணியும் உயிரினத்தைக் காக்கும் பணியும் ஒரே மணல்திட்டில் எதிரெதிரே வந்து நின்றால் யார் வழிவிடுவது? ஒடிசாக் கடற்கரையில் எழுந்த இவ்வினாவை மயிலாப்பூர்க் கரையில் நின்று ஆராய்கிறது இப்பாடம்.

பங்குனித் திங்களில் மயிலாப்பூரின் மாடவீதிகள் மக்கள் வெள்ளத்தால் நிறைகின்றன. கபாலீசுவரர் கோயில் தேரையும் அறுபத்துமூவர் திருவுலாவையும் காண வருவோர் பல்லாயிரவர். அதே பருவத்தில், அங்கிருந்து நடந்தே சென்றுவிடும் தொலைவில், சாந்தோம், பட்டினப்பாக்கம் கரைகளில் ஆரவாரமற்ற வருகை ஒன்றும் நிகழ்கிறது. இரவின் இருளில் கரையேறும் பெண் ஆமை, பின்துடுப்புகளால் மணலில் குழி பறித்து, நூறு முதல் நூற்றிருபது வரையிலான முட்டைகளை இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. கடலோர மக்கள் இதனைப் பங்குனி ஆமை என்று அழைக்கின்றனர். அறிவியலார் ஆலிவ் ரிட்லி என்பர்.

இக்காட்சி தமிழுக்குப் புதியதன்று. அடும்பங்கொடி படர்ந்த மணல்மேட்டில் சூல்கொண்ட ஆமை முட்டைகளைப் புதைத்து மறைப்பதையும், குஞ்சு வெளிவரும் வரை ஆண் ஆமை அவற்றைக் காப்பதையும் அகநானூற்றின் நெய்தல் பாடல் ஒன்று கூறுகிறது. முட்டையிட்டபின் தாயோ தந்தையோ காவலிருப்பதில்லை என்பதே இன்றைய அறிவியலின் முடிவு. எனினும், அக்குழிக்குக் காவல் வேண்டும் என எண்ணிய புலவரின் உள்ளம் போற்றத்தக்கது.

சென்னைக் கரைக்குத் தனித்தனியே வரும் இந்த ஆமை, ஒடிசாவில் இலட்சக்கணக்கில் திரண்டு வருகிறது. அங்கு அடையாள வில்லை பொருத்தி விடப்பட்ட ஆமைகள் இலங்கைக் கடலிலும் மன்னார் வளைகுடாவிலும் கண்டறியப்பட்டுள்ளன. நம் கடல்வழியே செல்லும் ஆமைகளுள் பல அங்குச் செல்வன, அங்கிருந்து வருவன. ஆதலால் ஒடிசாவில் நிகழ்வது நமக்கும் உரிய செய்தியே.

இருவர் விரும்பிய தனிமை

ஒடிசாவின் கேந்திரபாரா மாவட்டத்தில் உள்ளது கஹிர்மாதா. இங்கு ஆமைகள் பெருந்திரளாக முட்டையிடுவதை 1974-ஆம் ஆண்டில் அறிவியல் உலகம் அறிந்தது. 1997-இல் இது கடல்சார் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இதற்கு அண்மையில், பத்ரக் மாவட்டக் கரைக்கு அப்பால் சிறு தீவு ஒன்று உள்ளது. வீலர் தீவு என்ற பெயருடன் இருந்த அது, 2015 முதல் அப்துல் கலாம் தீவு என வழங்கப்படுகிறது. சென்னைக் குரோம்பேட்டையில் வானூர்திப் பொறியியல் பயின்ற கலாம் அவர்களின் ஏவுகணைப் பணிக்கு அத்தீவு களமாக அமைந்தது. 1993-இல் நிலப்பகுதியிலிருந்து ஏவப்பட்ட பிருத்வி அத்தீவில் வந்து விழுந்தது. 2012 ஏப்ரல் 19-இல் அக்னி-5 முதன்முறையாக விண்ணில் பாய்ந்தது.

ஏவுகணைச் சோதனைக்கு மக்கள் குடியிருப்பு இல்லாத நிலம் வேண்டும். ஏவுகணை பிழைத்தால் அதன் சிதறல்கள் விழுவதற்குத் திறந்த கடல் வேண்டும். அயலார் நடமாட்டம் இருத்தல் கூடாது. முட்டையிடும் ஆமைக்கும் ஏறத்தாழ இவையே தேவை: ஆளில்லாக் கரை, அமைதி, இருள். இருவரும் ஒரே தனிமையை நாடியதால் ஒரே இடத்திற்கு வந்து சேர்ந்தனர். சிக்கலின் வேர் இதுவே. எவருடைய தீய நோக்கமும் அன்று.

ஆட்கள் நுழையாத படைப்பயிற்சி நிலம் சில வேளைகளில் உயிரினங்களுக்குப் புகலிடமாகிவிடுவதும் உண்டு. அழிவின் விளிம்பில் நிற்கும் கானமயில், இராசத்தானின் பொக்ரான் துப்பாக்கிச்சூட்டுப் பயிற்சிக் களத்தில் இன்றும் உலவுகிறது. இங்கிலாந்தின் சாலிசுபரி சமவெளியில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் படைப்பயிற்சி நடைபெறுவதால், உழவுக்கு உட்படாத அரிய புல்வெளி அங்கு எஞ்சியுள்ளது. இதனைக் கொண்டு, படை இருக்குமிடத்தில் இயற்கை தானே பிழைத்துக்கொள்ளும் என முடிவுசெய்துவிடலாமா? காசுமீரத்தின் தோசமைதான் புல்வெளி அதற்கு மறுப்பு. 1964 முதல் 2014 வரை பீரங்கிப் பயிற்சிக் களமாக விளங்கிய அந்நிலத்தில், வெடிக்காமல் புதைந்துகிடந்த குண்டுகள் மேய்ச்சலுக்குச் சென்ற மக்களின் உயிரைப் பறித்தன. ஆக, வேலி மட்டுமே பாதுகாப்பாகிவிடாது. வேலிக்குள் எது, எப்போது, எவ்வாறு செய்யப்படுகிறது என்பதே பொருட்படுத்தத்தக்கது.

மூன்று மாத அமைதி

ஒடிசாவில் எட்டப்பட்ட தீர்வு, நிலத்தைப் பங்கிடாமல் காலத்தைப் பங்கிட்டது. ஆமைகள் முட்டையிடும் ஜனவரி முதல் மார்ச் வரை அத்தீவில் ஏவுகணைச் சோதனைகளை நிறுத்திவைக்க 2023 டிசம்பரில் முடிவெடுக்கப்பட்டது. பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பும் மாநில வனத்துறையும் தம்முள் கலந்து பேசி இதற்கு வழிகண்டன. ஏவுதள விளக்குகளின் ஒளி கடற்கரையில் படாதவாறு மறைக்க வேண்டும் என்ற வேண்டுகோளை வனத்துறை அதற்கு முன்னரும் பன்முறை விடுத்திருந்தது.

விளக்கைக் குறித்து இத்துணைக் கவலை எதற்கு? முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு, தாயின் துணையின்றியே கடலைக் கண்டறிய வேண்டும். விண்மீன்களின் ஒளியையும் நிலவொளியையும் எதிரொளிக்கும் கடற்பரப்பு, இயற்கையான கரையில் நிலப்பகுதியைவிட வெளிச்சமாக இருக்கும். வெளிச்சமான திசையை நோக்கி ஊர்ந்து செல்வது குஞ்சின் இயல்பு. கரையில் மின்விளக்கு எரிந்தால் கடலைவிட அதுவே ஒளிமிக்கதாகிறது. குஞ்சு நிலத்தை நோக்கித் திரும்புகிறது. விடிவதற்குள் நாய்க்கும் காகத்துக்கும் இரையாகிறது. அன்றேல், வெயிலில் உலர்ந்து மடிகிறது.

இங்கே ஒரு கணக்கை நாம் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். முட்டை பொரிய 45 முதல் 60 நாள்கள் ஆகும். மார்ச்சில் இடப்பட்ட முட்டைகளிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி முதல் மே இறுதி வரையில்தான் குஞ்சுகள் வெளிவரும். சோதனை நிறுத்தமோ மார்ச்சுடன் முடிகிறது. எனவே, தாய் ஆமைக்கு மூன்று மாத அமைதி போதுமானதாக இருக்கலாம். குஞ்சுக்கு மே வரை இருள் வேண்டும். ஏவுகணையை நிறுத்துவது பெரிய முடிவு, விளக்கை மறைப்பது சிறிய முடிவு எனத் தோன்றும். குஞ்சின் நோக்கில் பின்னதே பெரிது.

இத்தீர்வின் சுமையைத் தாங்குவோர் வேறு சிலரும் உளர். ஒடிசாவில் ஆமைகள் கூடும் ஆற்று முகத்துவாரங்களையொட்டிய கடலில், ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 1 முதல் மே 31 வரை மீன்பிடித் தடை உள்ளது. ஏவுகணைச் சோதனை நாள்களில் பாதுகாப்புக் கருதியும் மீனவர்கள் கடலுக்குள் செல்லாமல் தடுக்கப்படுகின்றனர். நாட்டின் பொருட்டு ஒரு தடை, ஆமையின் பொருட்டு மற்றொரு தடை. இரண்டையும் ஏற்பது ஒரே குடும்பம். அக்குடும்பத்தின் அடுப்பைக் கணக்கில் கொள்ளாத எந்தத் திட்டத்தையும் சமநிலை என்று கூறுவதற்கில்லை.

தெரிந்து தெளிவோம்

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, நாட்டின் பாதுகாப்பு சார்ந்த திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளிக்கிறது. மறைபொருள் காக்க இவ்விலக்கு தேவைப்படுகிறது. ஆனால், மக்கள் பேச இயலாத இடத்தில் வனத்துறையினரும் அறிவியலாளரும் பேசியாக வேண்டும் என்ற பொறுப்பும் அதனால் கூடுகிறது. பங்குனி ஆமை, 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது.

நம் கரை

பட்டினப்பாக்கத்தில் ஏவுதளம் இல்லை. இருப்பினும், 2025 ஜனவரியில் சென்னையிலும் அதனையடுத்த கடற்கரைகளிலும் 1,000-க்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. ஆமை நுரையீரலால் சுவாசிப்பது; மூச்சுவிட நீரின் மேற்பரப்புக்கு வந்தாக வேண்டும். விசைப்படகுகளின் இழுவலையில் சிக்கி, மேலே வர இயலாமல் மூச்சுத்திணறி இறந்ததே பேரளவிலான இவ்விறப்புக்குக் காரணமாகக் கூறப்பட்டது. வலையில் சிக்கிய ஆமை வெளியேற வழிவிடும் கருவி உலகின் பல நாடுகளில் நெடுங்காலமாகப் பயன்பாட்டில் உள்ளது. நம் படகுகளில் அது பரவலாகவில்லை.

இக்கரையில் தன்னார்வலர்களின் பணியும் உண்டு. மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பினர் 1988 முதல், முட்டையிடும் பருவத்தின் இரவுகளில் நீலாங்கரையிலிருந்து மெரினா நோக்கி நடந்து முட்டைகளைத் தேடிச் சேகரிக்கின்றனர். நாய்களும் மனிதர்களும் தீண்டாத வண்ணம் அவை பொரிப்பகத்தில் புதைக்கப்படுகின்றன. வெளிவரும் குஞ்சுகள் கடலில் விடப்படுகின்றன. பொரிப்பகத்தின் தேவை எதனால் எழுந்தது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். முட்டையை இட்ட இடத்திலேயே விட்டால், கடற்கரைச் சாலையின் உயர்கோபுர விளக்குகள் குஞ்சுகளைச் சாலைக்கே அழைத்துவிடும்.

குஞ்சாகக் கடலில் இறங்கிய பெண் ஆமை, முட்டையிடும் பருவம் எய்தத் தோராயமாகப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் ஆகும். அதன்பின் தான் பிறந்த கரைப்பகுதியை நாடி அது வரும். இவ்வாண்டு சாந்தோம் அருகே பிறக்கும் ஆமை திரும்பி வரும் ஒரு பங்குனி இரவில், இப்பாடத்தைப் பயிலும் நீங்கள் பொறியாளராகவோ, மீன்வளத்துறை அலுவலராகவோ, படை அதிகாரியாகவோ, விசைப்படகின் உரிமையாளராகவோ இருப்பீர்கள்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊருக்கு அருகிலுள்ள கடற்கரை, ஏரி அல்லது காட்டின் ஓரத்தில் இரவு முழுவதும் எரியும் விளக்குகளைக் கணக்கிட்டு, அவற்றுள் மறைக்கத்தக்கவை, அணைக்கத்தக்கவை எவை எனக் குறிப்பிட்டு, உள்ளாட்சி அலுவலருக்குக் கடிதம் எழுதுக.

ஏவுதளப் பொறியாளர், வனத்துறை அலுவலர், ஒடிசா மீனவப் பெண் ஆகிய மூவரும் உரையாடுவதாகக் கொண்டு வகுப்பில் கலந்துரையாடல் நிகழ்த்துக. மே மாதம் வரை ஏவுதள விளக்குகளை மறைப்பது குறித்து மூவரும் ஒரு முடிவுக்கு வருதல் வேண்டும்.