மெலிந்த உடலும் மீளும் தசையும்

பருத்தவர் மெலிவதற்கு வழி கூறுவார் பலர். மெலிந்தவர் மீண்டும் வலிமை பெறுவதற்கு வழி கூறுவார் மிகச் சிலர். நம் கல்லூரியின் பழைய மாணவருள் நாற்பதையும் ஐம்பதையும் கடந்தோர் பலர் வைத்தியரின் சொற்கேட்டு உடலெடையைக் குறைத்து வருகின்றனர். நீரிழிவும் இரத்த அழுத்தமும் பெருகிவிட்ட இக்காலத்தில் அது செய்யத்தக்கதே. ஆயின், இருபது முப்பது கிலோவைக் குறைத்த பின்னர் உடலில் எஞ்சியிருப்பது யாது என்ற வினாவை எழுப்புவோர் அரியர். அவ்வினாவையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். தமிழாசிரியர் தொழில் அதுவாதலின் வாசகர் பொறுப்பாராக. "உடம்பில் சதை வைத்துவிட்டது" என்கிறோம்; "சதை வற்றிவிட்டது" என்றும் சொல்கிறோம். முன்னதில் நாம் கருதுவது கொழுப்பை. பின்னதில் கருதுவது எதனை என்று நமக்கே தெரியாது. சித்த மருத்துவ நூலார் உடற்கட்டுகள் ஏழென வகுத்து, சாரத்திற்கும் செந்நீருக்கும் அடுத்தபடியாக ஊனையும் கொழுப்பையும் வெவ்வேறாக எண்ணினர். பேச்சுவழக்கோ அவ்விரண்டையும் ஒரே சொல்லுள் அடக்கிவிட்டது. நிறுவைப் பொறியும் பேச்சுவழக்கைப் போன்றதே. ஏறி நின்றவருக்கு அது மொத்தக் கணக்கைக் காட்டுமேயன்றி, போனது கொழுப்பா தசையா என்று பிரித்துக் காட்டாது. உணவை மட்டும் குறைத்து மெலிபவர் இழக்கும் நான்கு கிலோவில் ஏறத்தாழ ஒரு கிலோ கொழுப்பல்லாத பகுதி என்பது பொதுவாகக் கொள்ளப்படும் மதிப்பு. அப்பகுதியில் நீரும் உண்டு, தசையும் உண்டு.

இதனை நாம் ஏட்டிற் கற்கவில்லை, உடம்பிற் கற்றோம். சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது எடை 96 கிலோ. இரத்தத்திற் சீனி கூடியிருக்கின்றது என்று வைத்தியர் எச்சரித்தபின், பதினொரு மாதத்தில் 68 கிலோவுக்கு இறங்கினோம். காலையில் சாயத்தண்ணீரும் நான்கு பிஸ்கட்டும். மதியம் கைப்பிடிச் சோறும் கீரையும். இரவு மீண்டும் சாயத்தண்ணீர். நடப்பதும் அதிகமில்லை. சீனி குறைந்தது, சட்டைகள் தொளதொளத்தன, ஆசிரியர் அறையில் பாராட்டுக் குவிந்தது. பாராட்டு ஓயுமுன்னரே ஒருநாள் தலவாக்கலைக் கடையிலிருந்து பத்துக் கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு லிந்துலையில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். வீட்டுக்குச் செல்லும் ஏற்றத்தில் பாதியிலேயே கால் நடுங்கி, பையை மதகின்மேல் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டோம். 96 கிலோ உடம்பைச் சுமந்து அதே ஏற்றத்தை ஆண்டுக்கணக்கில் ஏறிய கால்கள், 68 கிலோ உடம்போடு பத்துக் கிலோவைச் சுமக்க மறுத்தன. கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பிய ஒரு பெண்மணி, "சேர், குடுங்க நான் கொண்டாறேன்" என்று பையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னே நடந்தார். அவருக்கு எம்மைவிடப் பத்து வயது கூடுதலாயிருக்கும்.

அன்றிரவு தோன்றிய வெட்கமே இவ்வாராய்ச்சியின் தொடக்கம். தேடத் தேட, இது நம் முன்னோர் உடம்பில் முன்னரே நிகழ்ந்துவிட்ட பாடம் என்று கண்டோம்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. தென்னிந்தியாவில் மாண்டோர் தொகை ஐம்பது இலட்சத்திற்கும் மேல் என்று மதிப்பிடுவர். அப்பஞ்சத்திற்குத் தப்பிக் கடல் கடந்து இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தோர் ஏராளம். நம்மிற் பலருடைய குடும்பக் கதை அங்கிருந்துதான் தொடங்குகின்றது. ஊரிலேயே தங்கியவர்களுக்கு அரசாங்கம் நிவாரண வேலை முகாம்களை அமைத்திருந்தது. கல்லுடைத்தல், தெருவமைத்தல், கால்வாய் தோண்டுதல் முதலியன அங்கு நடைபெற்றன. சென்னையில் இன்றும் காணப்படும் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அவ்வேலையால் வெட்டப்பட்டதே. 1877 சனவரியில் வைசிராய் லிட்டனின் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், செலவைச் சுருக்கும் நோக்கத்தோடு, ஆண் தொழிலாளியின் நாட்கூலியை ஒரு றாத்தல் தானியமும் சிறு தொகையும் பெறும் அளவுக்குக் குறைத்தார். ஒரு றாத்தல் அரிசி ஏறத்தாழ 1,600 கலோரி. அதனை உண்டு நாள் முழுதும் கல்லுடைக்க வேண்டும்.

அதனை எதிர்த்து வாதிட்டவர் மாகாணச் சுகாதார ஆணையாளராயிருந்த வைத்தியர் கார்னிஷ். 1863ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாண மக்களின் உணவைப்பற்றி அறிக்கை எழுதியவர் அவர். ஏழைத் தொழிலாளி என்ன உண்கிறான், எவ்வளவு உண்டால் உழைப்பான் என்பதைக் கணக்காக அறிந்திருந்தார். உழைக்கும் மனிதனுக்கு ஒரு றாத்தல் தானியம் போதாது, அதனோடு பருப்பு முதலிய தசை வளர்க்கும் உணவும் வேண்டும் என்பது அவர் வாதம். வாதம் ஏட்டளவில் நின்றிருந்தால் எவர் வென்றிருப்பாரோ அறியோம். முகாம்களில் வற்றிய உடல்களும் ஏறிய இறப்புக் கணக்குமே கார்னிஷ் பக்கம் சாட்சி சொல்லின. சில மாதங்களுக்குள் சென்னை அரசாங்கம் கூலியை உயர்த்த நேர்ந்தது. உணவு போதாதபோது உடல் கொழுப்பை எரிக்கின்றது. அதனோடு தன் தசையையும் உடைத்து எரிக்கின்றது. அந்நிலையில் உழைப்பு தசையை வளர்க்காது, அரிக்கும்.

எண்களில் ஓர் ஒற்றுமையைக் கண்டு நாம் சற்று நேரம் நூலை மூடிவைத்தோம். 1945இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்னும் அறிஞர், போருக்குச் செல்ல மனச்சாட்சி இடந்தராத 36 இளைஞரை அவர்தம் சம்மதத்துடன் அரைப்பட்டினி இருக்கச் செய்தார். போரால் பட்டினிகிடந்த ஐரோப்பிய மக்களை மீட்பது எவ்வாறு என்றறிவதே நோக்கம். அவ்விளைஞர்க்குக் கொடுக்கப்பட்டது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி. டெம்பிள் அளந்த கூலியும் கீஸ் அளந்த பட்டினியும் ஒன்றே. 24 வாரத்தில் அவர்கள் எடையில் ஏறத்தாழக் காற்பங்கை இழந்தனர். மாடிப்படி ஏறவும் வலுவற்றுப்போயினர்.

நமக்கு வேண்டியது அதன் பிற்பகுதி. மீட்புக் காலத்தில், உணவின் மொத்த அளவு குறைவாயிருந்த வரையில், புரதத்தையும் உயிர்ச்சத்தையும் தனியே கூட்டிக் கொடுத்தும் பெரும்பயன் விளையவில்லை. அரைவயிறு உண்டுகொண்டே டப்பாவில் விற்கும் புரதத்தூளைக் கரைத்துக் குடிப்போர் இதனைக் கவனிப்பாராக. வேண்டுமளவு உண்ணத் தொடங்கியபோது எடை விரைந்து திரும்பியது. ஆயின் முன்வந்தது கொழுப்பு, பின்வந்தது தசை. முன்னிருந்த தசை முழுதும் மீளுமுன்னரே கொழுப்பு முன்னிருந்த அளவைக் கடந்துவிட்டது. எடை மீண்டது என்பதால் வலிமை மீண்டது என்று கொள்ளலாகாது.

டெம்பிள் முகாமில் உழைப்பு இருந்தது, உணவு இல்லை. மினசோட்டா மீட்பில் உணவு இருந்தது, தசைக்குப் பளு கொடுக்கும் பயிற்சி போதியதாயில்லை. எமது பதினொரு மாதத்திலோ இரண்டும் இல்லை. நாமே எமக்கு டெம்பிளாயிருந்தோம். உணவும் பளுவும் ஒருங்கு சேர்ந்தாலன்றி இழந்த தசை மீளாது என்பதே இவற்றிலிருந்து நாம் பெறும் முடிபு.

உணவிற்கு வருவோம். பளுப் பயிற்சி செய்வோர்க்கு எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் தேவை என்பது இக்கால ஆய்வாளர் பலர் கொள்ளும் அளவு. 68 கிலோ உடம்புக்கு 80 கிராமுக்குக் குறையாமல் வேண்டும். எமது பிஸ்கட் நாட்களில் அதிற் பாதிதானும் கிடைத்திராது. அந்த 80 கிராமை லிந்துலைக் கடைத்தெருவிலேயே பெறலாம். 100 கிராம் கோதுமை மாவில் சுட்ட ரொட்டியில் 10 கிராம். 50 கிராம் மைசூர்ப் பருப்பில் 12. ஒரு கோப்பை அரிசிச் சோற்றில் 4. இரண்டு முட்டையில் 12. 25 கிராம் நெத்திலிக் கருவாட்டில் 15. 50 கிராம் கடலையில் 10. 30 கிராம் சோயாவில் 15. ஒரு கோப்பைத் தயிரில் 7. கூட்டினால் 85. மரக்கறி உணவினர் முட்டையும் கருவாடும் தள்ளிச் சோயாவையும் பருப்பையும் கூட்டிக்கொள்க. ஒரே வேளையில் குவிப்பதினும் மூன்று வேளைக்கும் பகிர்தல் நன்று. ரொட்டிக்குத் தேங்காய்ச் சம்பலே போதுமென்பது நம் மலைநாட்டு வழக்கம். சம்பல் நாவுக்குப் போதும், தசைக்குப் போதாது. அதனருகில் பருப்பும் இருக்கட்டும்.

பளு என்றதும் நகரத்து உடற்பயிற்சி நிலையங்களை நினைந்து வாசகர் அஞ்ச வேண்டுவதில்லை. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல். பையில் அரிசியோ கல்லோ இட்டுப் படியேறி இறங்குதல். சுவரில் கையூன்றித் தள்ளிப் பழகி, பின்னர் தரையில் தண்டால் எடுத்தல். நீர் நிறைந்த கானைத் தரையிலிருந்து முதுகு வளையாமல் தூக்குதல். இவை போதும். கருத்து ஒன்றே: எட்டு முதல் பன்னிரண்டு முறை செய்தபின் இனி முடியாது என்னுமளவுக்குப் பளு இருத்தல் வேண்டும், பன்னிரண்டு எளிதானபோது பளுவைக் கூட்டுதல் வேண்டும். நாள்தோறும் ஒரே நான்கு கிலோவைத் தூக்குபவர் தசை நான்கு கிலோவுக்குப் பழகி அங்கேயே நின்றுவிடும். வாரம் இருமுறையோ மும்முறையோ செய்து, இடைநாட்களில் ஓய்வு கொள்க. முதற் சில வாரங்களில் வலிமை கூடும், தசையின் அளவு கூடாது. நரம்புகள் தசையை ஏவப் பழகுவதே அப்போது நடைபெறுகின்றது. அதனைக் கண்டு சோர்ந்து விட்டுவிடுவோர் பலர்.

வயது கடந்துவிட்டதே என்பார்க்கு ஒரு செய்தி. 1990இல் வெளிவந்த பொஸ்ரன் நகர ஆய்வொன்றில், முதியோர் இல்லமொன்றில் வாழ்ந்த தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேர் எட்டு வாரம் கால்களுக்குப் பளுப் பயிற்சி மேற்கொண்டனர். அவர்தம் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைத் தசையின் பரப்பும் 9 சதவீதம் கூடியது.

எமது அரிசிப் பையைச் சுமந்த பெண்மணியை இங்கு மறத்தல் தகாது. கூடை சுமந்து மலைச்சரிவில் நாளெல்லாம் ஏறி இறங்குபவரிடம் சென்று உடற்பயிற்சி செய்க என்று உபதேசிப்பது அறிவீனம். அவரிடம் பளு மிகுதி, குறைந்திருப்பது தட்டு. 1974இல் நாட்டில் உணவு அரிதானபோது தோட்டங்களில் இறப்பு வீதம் ஏறியதை மூத்த பழைய மாணவர் நன்கறிவர். 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தையும் கடந்தபோது, எத்தனையோ லயங்களில் முட்டையும் கருவாடும் தட்டைவிட்டு நீங்கின. கொழும்பிலும் ஹட்டனிலும் வணிகம் நடத்தும் நம் பழைய மாணவர்க்கு வேண்டியது பளு. கொழுந்து பறிப்பவர்க்கு வேண்டியது பருப்பும் முட்டையும், அவற்றை வாங்கும் கூலியும். இரண்டுக்கும் ஒரே மருந்து எழுதுபவர் நல்ல வைத்தியரல்லர்.

எச்சரிக்கையாகச் சில. சிறுநீரக நோயுடையோர் வைத்தியரைக் கேளாது புரதத்தைக் கூட்டலாகாது. நீரிழிவு நெடுநாள் இருந்தவர் இதனைச் சோதித்தறிதல் வேண்டும். இன்சுலின் ஏற்றுவோர்க்குப் பயிற்சியின் பின்னர் சீனி திடீரெனத் தாழக்கூடும். நோயாலோ பட்டினியாலோ எலும்புந்தோலுமானவர்க்கு ஒரேயடியாக நிறைய உணவு கொடுத்தல் ஆபத்து. இரத்தத்தில் உப்புச்சத்துகள் குலைந்து உயிருக்கே கேடு நேரலாம். அவர் ஆசுபத்திரியிலிருந்தே தொடங்க வேண்டும். பெருமளவு மெலிந்தவர் வயிற்றிலும் கையிலும் தொங்கும் தோலைத் தசை முழுதும் நிரப்பிவிடும் என்றும் எண்ணற்க. எமக்கும் நிரப்பவில்லை.

தன் நிலையை அறிய விரும்புவோர் கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, அரை நிமிடத்தில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை முழுதாக எழுந்தமர இயலும் என்று எண்ணிப் பார்க்கலாம். 60 முதல் 64 வயது வரையுள்ள ஆண்கள் 14க்கும் பெண்கள் 12க்கும் குறைந்தால் அது சராசரிக்குக் கீழ் என்பர். நாற்பது கடந்து சில ஆண்டுகளே ஆன நாம் முதன்முறை எண்ணியபோது 11. பதினான்கு மாதம் கழித்து 19. எடை இப்போது 71 கிலோ, சீனி ஏறவில்லை. மூன்று கிலோ கூடியதைக் கண்ட நண்பர் ஒருவர், "மறுபடியும் சதை வைக்கிறதே" என்று கவலையோடு கேட்டார். ஆம் என்றோம். அடுத்த சனிக்கிழமை தலவாக்கலையில் அவரும் எம்முடன் அரிசி வாங்க வருவதாக இருக்கின்றார்.