உடற்பயிற்சியும் யோகமும்
பெங்களூருக்கு அருகே ஜிகணியில் அமைந்துள்ள சுவாமி விவேகானந்த யோக அனுசந்தான சம்ஸ்தானம், 2002 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக விளங்கி வருகிறது. தைத்திரீய உபநிஷதம் கூறும் ஐந்து கோசங்களையும் கருத்தில் கொண்டு யோகப் பயிற்சி அளிப்பது இதன் முறை.

அவற்றுள் முதலாவதான அன்னமய கோசமே இவ்வுடல். அதைப் பேணுவதும் சாதகனின் கடமையாகும். ஆனால், எந்தப் பயிற்சி எந்தப் பலனைத் தரும் என்ற தெளிவு வேண்டும். இதயத்திற்கு உரமளிப்பது விரைவு நடை. பெரியவர்கள் வாரந்தோறும் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பும், இரு நாட்கள் தசை வலுவூட்டும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1883-இல் ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பிலாடீஸ் வகுத்த பயிற்சி, வயிறு, இடுப்பு, முதுகுத் தசைகளை உறுதியாக்குகிறது. நாள் முழுவதும் கணினிமுன் அமர்ந்திருப்போருக்கு அது நலம் பயக்கும். ஆசனங்கள் உடலுக்கு நெகிழ்வையும் நிலைபேற்றையும் தருகின்றன. ஆயினும், நிதானமாகச் செய்யும் ஆசனங்கள் விரைவு நடைக்கு ஈடாகா.

அப்படியானால் யோகத்தின் தனிச்சிறப்பு யாது? பதஞ்சலி முனிவர் எட்டு அங்கங்களுள் மூன்றாவதாகவே ஆசனத்தை வைத்தார். அதற்கு முன் யமமும் நியமமும், பின் பிராணாயாமம் முதல் சமாதி வரையும் உள்ளன. ஆசனத்தோடு நின்றுவிடுபவர் கோயில் வாசலோடு திரும்புபவரே. நடையாலும் பிற பயிற்சிகளாலும் உறுதிபெற்ற உடலில் அசைவின்றி அமர்ந்து, மனத்தை உள்முகமாகத் திருப்புவோமாக!